அக்காவின் கையும் அண்ணனின் பிரஷரும்

மூன்று வருஷத்துக்கு முந்தி, ஒரு மே மாதம். புத்தளம் கரைப் பக்கத்தில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். சொன்னால் அங்கே இன்றைக்கும் மாடாய் உழைக்கிற நல்ல மனிதர்களுக்குத்தான் சங்கடம். நோயாளிகளின் விவரங்களைக் கொம்பியூட்டரில் பதிகிற வேலைக்கு நான் ஒரு கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் நின்று பழக வேண்டும். அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன். எழுதத் தொடங்கும்போதே எனக்குக் கொதி வருகிறது, எங்காவது வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் எனக்குக் கோபக்காரி என்றுதான் பேர்.

எங்களுடையது தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து புத்தளத்தில் தங்கிய குடும்பம். பழகல் முடிந்து நல்ல கடிதம் ஒன்று கிடைத்தால் எனக்கு வேலை நிச்சயம் என்று உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்டுக்கொண்டிருந்தா. அந்தக் கடிதத்தைத் தருகிறவர் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஒரு சேர். அவருக்குத் தெரிந்த ஒரே பாவம் பெட்டியை வெறுமையாக விடுவது. திரையில் வயது, எடை, பிரஷர் என்று பெட்டி பெட்டியாக இருக்கும். நிரப்பாத பெட்டி சிவப்பாக மின்னும். சிவப்பு இருந்தால் அந்த நோயாளியின் பதிவு டொக்டரின் திரைக்குப் போகாது, டொக்டர் பார்க்காவிட்டால் மருந்தும் இல்லை. பழகுகிற நாங்கள் மூன்று பேர். பின்னேரம் யாருக்கு எத்தனை சிவப்பு என்று சேர் பார்ப்பார். சிவப்பே இல்லாத பிள்ளை கெட்டிக்காரி. அந்தப் பைத்தியக்காரப் பேருக்கு ஆசைப்பட்டவர்களில் நான்தான் முதல் ஆள்.

முதல் மாதமே மாம்புரிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் செபமாலை, கையில் ஷொப்பிங் பை, அதற்குள் கிளினிக் அட்டை. நான் அப்போது பிரஷர் பார்க்கிற மேசையில். தாதி பார்த்து இலக்கத்தைச் சொல்வா, நான் தட்டுவேன். அட்டையை வைத்ததும் திரையில் ஒரு ஆண்பிள்ளையின் பேர் வந்தது.

"அண்ணன் எங்க அக்கா?"

"அவரு வாடிக்குப் போயிட்டாரு தங்கச்சி. இஞ்ச காத்துத் தொடங்கினா கிழக்குக் கரைதானே. இனி ஐப்பசியிலதான் வருவாரு. பிரஷர் குளிசையை வாங்கி, மீன் ஏத்தப் போற ஐஸ் லொறியில குடுத்து விடணும்."

இது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தென்மேற்குக் காற்று எழும்பினால் இந்தப் பக்கம் கடல் விடாது. ஆண்கள் வள்ளத்தையும் வலையையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே போய்க் கரையில் ஓலைக் குடிசையாக வாடி போட்டு ஐந்து மாதம் தொழில் செய்துவிட்டு வருவார்கள். அந்த ஐந்து மாதமும் கிளினிக்குக்கு மனைவிமார்தான் வருவார்கள். பழைய கிளினிக் கொப்பியில் இதற்கு ஒரு வழி இருந்தது. டொக்டர் ஓரத்தில் "மனைவி வந்தார்" என்று எழுதிவிட்டுப் பழைய மருந்தையே கொடுப்பார். கொம்பியூட்டரில் அந்த ஓரம் இல்லை. அதைச் செய்த மகாராசன் யாரும் எங்கள் பக்கம் ஒரு நாளாவது வந்து பார்த்திருக்க மாட்டான்.

எழும்பிப் போய் சேரிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியாது. சிவப்பு வரக்கூடாது. ஏதாவது செய்து பதி" என்றார்.

திரும்பி வந்தேன். பின்னால் எண்பது பேர் வரிசை. அக்கா விடியமுந்தி எழும்பி இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறா. வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது, அல்லாஹ்வே, செய்யாமலே இருந்திருக்கலாம்.

"அக்கா, உங்கட கையைக் குடுங்க" என்றேன்.

தாதி என்னைப் பார்த்தா, வரிசையைப் பார்த்தா, அக்காவின் கையில் பட்டியைச் சுற்றினா. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இருவத்திரெண்டு வருசமா ஒரே சட்டியில சாப்பிடுறம். ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தான், அடி!" என்றா. தாதியும் சிரித்தா, நானும் சிரித்தேன். 118க்கு 76. அருமையான பிரஷர். அண்ணனின் பேரில் தட்டினேன், சிவப்பு மறைந்தது.

அதோடு விட்டேனா? இல்லை. மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த வித்தையைப் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். வாடிக்குப் போனவர்களின் மனைவிமார் எல்லோரும் கையை நீட்டினார்கள். நாங்களும் புருஷன்மாரின் பேரில் தட்டித் தள்ளினோம். எனக்கு ஒரு சிவப்பும் இல்லை. சேர் என்னை டொக்டரின் அறையில் தட்டச்சு வேலைக்கு மாற்றப் போவதாகச் சொன்னார். உம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தா.

ஓகஸ்ட் மாதம் அதே அக்கா டொக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் என் மேசைக்கு வந்தா. முகத்தில் பாதி சந்தோஷம், பாதி யோசனை.

"தங்கச்சி, அவருக்குப் பிரஷர் நல்லா இறங்கிட்டாம். ஒரு குளிசையை நிப்பாட்டி, மத்ததைப் பாதியாக்கி எழுதியிருக்காரு. அது பறவாயில்லையா?"

அவ என்ன கேட்கிறா என்று எனக்கு நன்றாகவே விளங்கியது. நல்ல பிரஷர் என்றால் திரையில் பச்சையாக வரும்; டொக்டரின் திரையில் பச்சைப் பச்சையாக நின்ற இலக்கமெல்லாம் அவவின் கையிலிருந்து வந்தவை. வாடிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்த இலக்கத்தைத்தான் மனைவிமார் கொண்டுவருகிறார்கள் என்று டொக்டர் நினைத்திருக்கிறார். அந்த இடத்திலேயே எழும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டொக்டருக்குத் தெரியும்தானே அக்கா" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தேன். சேர் மேல் எனக்குக் கோபம் உண்டுதான். ஆனால் அந்த ஒரு வசனத்தைச் சொன்ன என் வாய் மேல் உள்ள கோபத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

ஒக்டோபர் வந்தது, வாடிக்காரர்கள் திரும்பினார்கள். நான் அப்போது டொக்டரின் அறையில். அவர் சொல்லச் சொல்ல நான் தட்ட வேண்டும். ஒரு காலை அக்கா உள்ளே வந்தா. பின்னால் உயரமான, வெயிலில் கறுத்த ஒரு மனிதர். அண்ணனை அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கண்டேன். ஐந்து மாதமாக நான் இலக்கம் போட்டுக்கொடுத்த ஆளை அன்றைக்குத்தான் காண்கிறேன் என்றால் பாருங்கள். தலை இடிக்கிறது என்று நெற்றியைப் பிடித்தபடி கதிரையில் இருந்தார். வெளியே பார்த்த பிரஷர் 190க்கு 115.

டொக்டருக்கு விசர் வந்தது. "எல்லா மாசமும் நல்லம். இப்ப மட்டும் எப்பிடி? வாடியில சாராயம், மருந்து இல்ல. அப்பிடித்தானே?"

"இல்ல டொக்டர். நான் ஒரு நாளும் குளிசையை விடல்ல. கடலுக்குப் போற அண்டும் போத்தலுக்குள்ள போட்டுக்கொண்டுதான் போறது."

"பொரு கியன்ன எப்பா" என்றார் டொக்டர் சிங்களத்தில், பொய் சொல்ல வேண்டாம் என்று. திரையை அண்ணன் பக்கம் திருப்பிக் காட்டினார். ஐந்து பச்சை இலக்கங்கள். அண்ணனுக்கு என்ன விளங்கப் போகிறது? பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பது வயது மனிதர், மனைவிக்கு முன்னால் பொய்யன் என்று பேர் வாங்கிக்கொண்டு இருந்தார். அக்கா என்னைப் பார்த்தா.

டொக்டர் சொன்னார், நான் தட்டினேன். "மருந்துகளை ஒழுங்காக எடுப்பதில்லை." ஆங்கிலத்தில் நாலைந்து சொல்தான். பொய் என்று தெரிந்துகொண்டே என் பத்து விரலாலும் தட்டிச் சேமித்தேன். பாதியாக்கிய அதே மருந்தை ஒழுங்காகக் குடித்துவிட்டு இரண்டு கிழமையில் வரச் சொல்லி டொக்டர் அனுப்பிவிட்டார். அவர்கள் எழும்பிப் போனார்கள்.

அடுத்ததாக ஒரு வயதான உம்மா வந்து இருந்தா. டொக்டர் ஏதோ சொன்னார். எனக்குக் கை ஓடவில்லை. கடிதம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, என் உம்மாவின் முகம் நிற்கிறது. ஆனால் அந்த மனிதர் குனிந்த தலையோடு வெளியே போன விதம் என் நெஞ்சைப் போட்டு அறுத்தது. எழும்பி நின்றேன்.

"டொக்டர், அந்தப் பிரஷர் அவர்ட இல்ல. அவர்ட மனைவிட. நான்தான் பதிஞ்ச."

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "இப்பிடி எத்தின பேர்?" என்று மட்டும் கேட்டார். தெரியாது, நாற்பது பேருக்கு மேல் இருக்கும் என்றேன். அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "ஓடிப் போய் அவரைக் கூட்டிட்டு வா!" என்று கத்தினார்.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் அவர்கள் இல்லை. படியால் இறங்கி ஓடினேன், ஒரு செருப்பு எங்கேயோ கழன்று போய்விட்டது. கேற்றுக்கு வெளியே கல்பிட்டி பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் அக்காவைக் கண்டேன். பஸ்ஸில் ஓங்கி ஓங்கி அடித்தேன். கொண்டக்டர் பெடியன் வாய்க்கு வந்தபடி ஏசினான், நான் அதைவிடக் கூட ஏசினேன். பஸ் நின்றது. இரண்டு பேரையும் இறக்கினேன்.

"சொல்லிட்டியா?" என்றா அக்கா, மெதுவாக.

"நீங்க ஏன் அக்கா சொல்லல்ல? உங்களுக்கென்ன விசரா?" நடுறோட்டில் நின்று அவவைப் பார்த்துக் கத்தினேன். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"நீ படிக்கிற புள்ள. உன்ட படிப்புப் போயிடுமெண்டுதான். வீட்ட போய் அவருக்குப் பழையபடி ரெண்டு குளிசையும் முழுசாக் குடுப்பம் எண்டு நினைச்சன்" என்றா.

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவவின் கை, என் மேசை, ஐந்து மாதம் எல்லாவற்றையும் அந்த மதில் ஓரத்தில் நின்றுதான் சொன்னேன். ஏசுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அவர் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப நான் பொய் சொல்லயில்ல எண்டு டொக்டருக்கு இப்பத் தெரியுமா?" என்று கேட்டார். அது ஒன்றைத்தான் கேட்டார்.

உடனே அவரை வார்ட்டில் மறித்து வைத்துவிட்டார்கள். அடுத்த நாள் காலை, கட்டிலில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போதே அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணி இடது கை விழுந்தது. ஆஸ்பத்திரிக்குள் இருந்தபடியால் தப்பினார். மாம்புரியில் இருந்திருந்தால் வாகனம் பிடித்துக் கொண்டுவருவதற்குள் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தாலே பயம். உயிர் தப்பியது, நடக்கிறார், கதைக்கிறார். இடது கை விரல்கள் மட்டும் இன்றைக்கும் முழுதாக மடங்காது. வலை இழுக்கிற கை.

பிறகு நாங்கள் மூன்று பிள்ளைகளும் ஒரு கிழமை இருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்து, "அது உங்கட பிரஷரா, உங்கட புருஷன்டயா?" என்று கேட்டோம். அந்த வெட்கத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சேர் விசாரணையில் "பழகுகிற பிள்ளையின் கவனக்குறைவு" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். கடிதம் தரவில்லை. "மனைவி வந்தார்" என்று பதியத் திரையில் ஒரு சின்னப் பெட்டி போட்டுத் தரச் சொல்லி டொக்டர் எத்தனையோ தரம் எழுதினார். அதற்குப் பதிலாக மேலிடத்திலிருந்து சுவரில் ஒட்ட ஒரு அறிவித்தல் வந்தது: நோயாளி நேரில் வராவிட்டால் மருந்து இல்லை. வாசித்துவிட்டு, வாசலிலேயே திரும்பிப் போன பெண்களை என் கண்ணால் கண்டேன். கிழித்து எறியலாம் போல இருந்தது. கிழிக்கவில்லை, அதுவும் இன்றைக்கு வரைக்கும் எனக்குக் கோபம்தான்.

அண்ணன் துண்டு வெட்டி ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போகிற அன்று என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, கை போனதை விடு, அது கடவுள் விட்ட வழி. நான் மருந்து குடிக்கிறதில்ல எண்டு எழுதினீங்களே, அதை மட்டும் அழிச்சி விடு" என்றார்.

ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, சேமித்த வரியை யாராலும் அழிக்க முடியாது. டொக்டராலும் முடியாது. கீழே ஒரு குறிப்புத்தான் சேர்க்கலாம். சேர்த்தோம், நடந்ததெல்லாம் எழுதினோம். ஆனால் அது உள்ளே எங்கேயோ, தேடித் திறந்தால்தான் தெரியும். அவருடைய அட்டையை வைத்ததும் முதலில் வருவது நான் தட்டிய அந்த வரிதான்.

கடிதம் இல்லாமலே ஒரு வருஷம் அலைந்து, இப்போது வேறொரு இடத்தில் இதே வேலைதான் செய்கிறேன். போன மாதம் அக்கா போன் எடுத்தா. கிளினிக்குக்கு ஒரு புது டொக்டர் வந்திருக்கிறாராம். அண்ணனின் அட்டையை வைத்துத் திரையைப் பார்த்துவிட்டு, பிரஷர் பார்க்க முந்தியே, "ஏன் ஐயா, மருந்து ஒழுங்காக் குடிக்கிறதில்லையா?" என்று கேட்டாராம். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டாராம். ஒரு நாள்கூடக் குளிசையை விடாத அந்த மனிதர், எந்த டொக்டருக்கு முன்னால் போய் இருந்தாலும் முதலில் பொய்யனாகத்தான் இருக்க வேண்டும் என்று என் விரல்கள் எழுதி வைத்துவிட்டனவே, அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.