குட்டையா, நெட்டையா

காலைக் காப்பியை ரமோனா பெல்ட்ரான் நின்றுகொண்டுதான் குடிப்பார். அதுவும் தரையில் அல்ல. வாசலில் டிரெய்லரோடு கட்டிக் கிடக்கிற, தண்ணீரில் ஓடும் பைக்கான தன் ஜெட் ஸ்கீயின் மேல் ஏறி நின்று. பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கான ஒளிரும் சட்டை, கழுத்தில் சாவிக்கொத்து, ஒரு கையில் கோப்பை, மறு கையில் ஸ்கீயின் பிடி. இரண்டு மிடறுக்கு ஒருமுறை முழங்காலை மடக்கி, தலையைப் பின்னால் வீசி, ஒரு துள்ளு துள்ளுவார். டிரெய்லர் கிறீச்சிடும். காப்பி சிந்தாது. நாயை இழுத்துக்கொண்டு நடை போகிறவர்கள்கூட இப்போதெல்லாம் நின்று பார்ப்பதில்லை. எதிர்வீட்டுக்காரனான நான் மட்டும் இன்னும் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

அவர் ஓட்டுவது நின்றுகொண்டே ஓட்டும் ஒற்றையாள் ஸ்கீ. உட்கார்ந்து ஓட்டுகிற சொகுசு வண்டிகளை எங்கள் ஹவாசு ஏரியில் வார இறுதிக் கூட்டத்துக்கு விட்டுவிடுவோம். நின்று ஓட்டுகிற கோஷ்டிக்குப் போய்ச் சேரும் ஊர் என்று ஒன்று கிடையாது. இருந்த இடத்திலேயே துள்ளுவது, சுழல்வது, பின்பக்கமாகக் கரணம் போடுவது, இதுதான் பிழைப்பு. நானும் ஓட்டுகிறேன். ஓட்டுகிறேன் என்பதைவிட விழுகிறேன் என்றால் பொய் குறையும். என் பெயர் பாரி. இங்கே எல்லோருக்கும் பேரி. திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

ரமோனாவுக்கு ஐம்பத்துமூன்று வயது. ஆசை ஒன்றே ஒன்று: ஒரு முழுக் கரணம். பெரிய படகு கிளப்பிவிட்ட அலையில் ஏறி, ஸ்கீயோடு பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, நின்ற கோலத்திலேயே தண்ணீரில் இறங்க வேண்டும். முக்கால் சுற்று வரை வந்துவிடுகிறார். மீதிக் கால் சுற்றில் ஸ்கீ ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நீரிலிருந்து தலையை நீட்டியதும் முதல் வார்த்தை, "தண்ணிதானே, கடிக்காது." கரையோர நீரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கிற கணவர் எலாய், அங்கிருந்தபடியே குரல் கொடுப்பார், "கிட்டத்தட்ட." வருஷக்கணக்காக இதே இரண்டு வசனம்தான்.

பழி ஸ்கீயின் பாடி மேல் விழுந்தது. எங்கள் நாமக்கல் பக்கம் லாரிக்கு சேஸிஸ் ஓரிடத்தில் வாங்கி, பாடி வேறிடத்தில் கட்டுவார்கள் இல்லையா, அதே கதைதான் இங்கும். கம்பெனியிலிருந்து வருகிற ஸ்கீயின் உடம்பு கனம். கரணம் போடத் துணிந்தவர்கள் என்ஜினைக் கழற்றி, கார்பன் நாரில் வார்த்த லேசான வெளிப் பாடி ஒன்றில் மாட்டிக்கொள்வார்கள். ஒருமுறை ஃபோனில் "பாடி எப்ப கைக்கு வரும்?" என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

ரமோனாவின் பழைய பாடி ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஒட்டே பாதி ஆகிவிட்டது. ஏரிச்சாலைக்குப் பின்னால் கொட்டகை வைத்துப் பாடி வார்க்கிற ஆர்லோ, வசந்தத்தில் ஒருநாள் சொல்லிவிட்டார்: இனி ஒட்ட மாட்டேன், புதுசு போடு, திங்கட்கிழமை அச்சு காலியாகிறது, எந்த அச்சு என்று அதற்குள் முடிவு பண்ணு. அச்சு இரண்டு. ஒன்று குட்டை. மூக்கு நன்றாக மேலே தூக்கியிருக்கும், தொட்டால் சுழலும், அசந்தால் கவிழ்க்கும். இன்னொன்று நெட்டை. அகலமானது, நிதானம், தப்புச் செய்தாலும் மன்னிக்கும். சுற்றத்தான் கொஞ்சம் சோம்பல். பேருந்து ஓட்டுநர் சம்பளத்தில் கார்பன் பாடி என்பது ஆயுளுக்கு ஒன்றுதான். தப்பான அச்சில் விழுந்தால் கரணம் அவ்வளவுதான் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அவ்வளவுதான், கரை இரண்டு கட்சியாகப் பிளந்தது. நான் குட்டைக் கட்சி. எலாய் நெட்டைக் கட்சியின் தலைவர். அவர்கள் வீட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் இரண்டு பாடிகளின் படங்கள் பரப்பிக் கிடந்தன. ரமோனாவோ யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரையில் நிற்கிற ஒவ்வொரு ஸ்கீயிடமும் போய், தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோல மோதிர விரலால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். சொந்தக்காரரிடம் கனம் என்ன, நீளம் என்ன என்று கேட்டதே இல்லை. கேட்டது ஒரே கேள்வி: "தலைகீழா இருக்கையில மேல யாரு இருப்பா, அதுவா, நானா?"

இந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். அதனால் அந்தச் சனிக்கிழமை எல்லோர் வண்டியிலும் ஏறிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. கடன் கேட்டால் வண்டி தராதவன் எங்கள் கரையில் கிடையாது. முதலில் நெட்டை. ரமோனா ஏறினார், சௌகரியமாக இருக்கிறது என்றார், அலை பிடித்தார், வழக்கமான முக்காலில் விழுந்தார். ஆனாலும் மெத்தையில் விழுந்த மாதிரி இருந்ததாம். எலாயின் முகம் மலர்ந்தது. "இந்த வயசுக்கு இதுதான் சரி" என்று ரமோனாவே முணுமுணுத்தார். கரணத்தை அவர் மனசுக்குள் மடித்து வைக்க ஆரம்பித்துவிட்டார் என்று பட்டது.

குட்டை வைத்திருந்தது கோல்பி. சின்ன வயதில் ரமோனாவின் பேருந்தில் பள்ளிக்குப் போனவன். இப்போது தாடியும் பச்சை குத்திய கையுமாக நிற்கிறான், ஆனால் அவர் "உக்காரு, திரும்பாதே" என்றால் இன்றும் உட்கார்ந்துவிடுவான். அவன் வண்டியில் ஏற ரமோனாவுக்கு மனமில்லை. இந்த பாடிகளில் கால் நழுவாமல் இருக்க, ஓட்டுகிறவர் நிற்கும் விதத்துக்கு ஏற்பக் குழி வைத்து வார்ப்பார்கள். கோல்பி வலது காலை முன்னால் வைப்பவன். ரமோனாவுக்கு எப்போதும் இடது கால்தான் முன்னால்.

"உன் குழியெல்லாம் மாறிக் கெடக்குதேடா" என்றார்.

"மூக்கு எப்படித் தூக்குதுன்னு மட்டும் பாருங்க மிஸ் ரமோனா. விழுந்தா என்ன, நான் இருக்கேன்ல."

நான் சும்மா இருக்கவில்லை. "எங்க ஊர்ல புதுப்பொண்ணை வலது காலை எடுத்து வச்சுத்தான் உள்ள கூப்பிடுவோம். நல்லதுதான், ஏறுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் மணிக்கட்டில் ஒரு கயிறு இருக்கும். விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், என்ஜின் நின்றுவிடும். அதனால் நுரைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டாலும் கரையில் இருப்பவனுக்குக் காது சொல்லிவிடும். அன்று பெரிய படகு ஒன்று அலையை வீசிவிட்டுப் போனது. ரமோனா ஏறினார். குட்டையின் மூக்கு வானத்தைப் பார்த்தது, அடி தெரிந்தது, அவர் பாதம் தெரிந்தது, பிறகு முகம் தெரிந்தது. முழுச் சுற்று. தண்ணீரில் நின்ற கோலத்தில் இறங்கினார். சத்தம் நிற்கவில்லை. அதிர்ச்சியில் அவர்தான் அரை நிமிஷம் கழித்துத் தானாகக் கீழே விழுந்தார்.

குட்டைக் கட்சி ஆடிய ஆட்டத்தைச் சொல்லி மாளாது. நான் தொப்பியை ஏரியில் எறிந்துவிட்டேன். முடிந்தது, குட்டைதான், ஆர்லோவைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். எலாய் விதையை மெல்ல மறந்துபோய் உட்கார்ந்திருந்தார். ரமோனா மட்டும் இடுப்பளவு நீரில் நின்று, தெளிந்த தண்ணீருக்குள் தெரிந்த தன் இரண்டு பாதங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கோல்பி, என் பழசை இழுத்துட்டு வா" என்றார்.

பழைய பாடியில் குழி கிடையாது, காலை மாட்டுகிற பழங்கால வார்கள்தான். எந்தக் காலை வேண்டுமானாலும் முன்னால் வைக்கலாம். அவர் வலது காலை வைத்தார். பாதி ஒட்டாக இருந்த அந்தக் கனத்த பாடியை, எந்தக் கட்சியும் சீந்தாத அந்தக் கிழட்டுப் பாடியை, அடுத்த பெரிய அலையில் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். நுரை எழுந்து மறைத்தது. சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. நுரையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தார், நின்றபடி, வாய் நிறைய ஏரித் தண்ணீரும் சிரிப்புமாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற நெட்டைக் கட்சிக்காரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கரைக்கு வந்த ரமோனா நேராக எலாயின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார்.

"இடது காலை முன்னாடி வைன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு?"

எலாய் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "நான் அப்படித்தான் வைப்பேன்" என்றார்.

"உன் கால் எதுன்னு நான் கேட்டேனாய்யா?"

"ஏரியில மொத நாள் நீ என் பின்னாடி நின்ன. நான் வச்சதைப் பாத்து வச்ச. நல்லாத்தானே இருந்துச்சு?"

"கிட்டத்தட்ட" என்றார் ரமோனா.

கரையே சிரித்தது. எலாயும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பிறகு எழுந்து, ஈரத்தோடு அவரைக் கட்டிக்கொண்டார். அத்தனை வருஷ முக்கால் கரணமும் தன் கணக்கில் ஏறிவிட்டது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அன்று மாலை வரை பர்ரிட்டோ ரொட்டி சுற்றியிருந்த தாளைக்கூட மனைவிக்கு அவரே பிரித்துக் கொடுத்தார்.

ஆனால் இப்போது புதுச் சிக்கல். பழசிலேயே கரணம் வந்துவிட்டதே, பிறகு புது பாடி எதற்கு? ஞாயிறு முழுக்க இரண்டு கட்சிகளும் ஒன்றாகச் சேர்ந்து இதைப் பேசின. சிலர் வேண்டவே வேண்டாம் என்றார்கள். சிலர் நெட்டை போதும், இனி ஆபத்து எதற்கு என்றார்கள். திங்கட்கிழமை பேருந்தை நிறுத்திவிட்டு ரமோனா ஆர்லோவின் கொட்டகைக்கு வந்தபோது நாங்களும் வால் பிடித்துக்கொண்டு போனோம். ஆர்லோ பேச்சை வளர்க்கிற ஆளில்லை. "எந்த அச்சு?" என்றார்.

"குட்டை" என்றார் ரமோனா. "பின்னாடி சுத்தியாச்சு. அடுத்தது பக்கவாட்டுல உருளணும். நெட்டை எனக்கு ஒத்துழைக்காது."

ஐம்பத்துமூன்று வயதில் அடுத்தது என்கிறார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. எலாய் மட்டும் மெல்ல, மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் எந்த டிராயரில் இருக்கிறது என்று கேட்டார்.

கால்குழிக்கு அளவெடுக்க ஆர்லோ ஒரு வெறும் மேல்தட்டு வைத்திருப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நிற்கச் சொன்னார். ரமோனா ஏறினார், பிடியைப் பிடித்தார், முழங்காலை மடக்கினார், எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஆர்லோ மண்டியிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி, முன்னால் இருந்த பாதத்தைச் சுற்றிக் கோடு போடக் குனிந்தார். அது இடது பாதம். சொல்வதா வேண்டாமா என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ரமோனா கீழே பார்த்தார். பிடியை விட்டுவிட்டுக் குனிந்தார். இடது கணுக்காலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி, பின்னால் கொண்டுபோய் வைத்து, அசையாதே என்பதுபோல அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.