வாயில் நூல், தூளியில் குழந்தை

புருவம் எடுக்கும் தொழிலில் நூலின் ஒரு முனை பல்லில் இருக்கும்; பயந்தால் பல் நடுங்கும், பல் நடுங்கினால் எதிரில் இருப்பவளின் புருவம் போய்விடும். கள்ளக்குறிச்சியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் நான் மன அமைதியைப் பழகுவது அதனால்தான்.

போன மாதம் காய்ச்சலில் என் கைக்குழந்தைக்கு ஜன்னி வந்து கை கால் வெட்டி இழுத்தது. நான் செய்தது கத்தியது மட்டும். மறுபடி வரலாம், வந்தால் கத்தாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்றார் டாக்டர். கைக்குழந்தையோடு தொழில் பார்க்கும் உங்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. இதை எழுதும்போதே இடையில் எழுந்துபோய் அவள் மூச்சைப் பார்த்துவிட்டு வந்தேன்.

காலைக் காப்பி

பயம் வந்தால் கண்ணை மூடி மூச்சை மெதுவாக விடு என்று கான்வென்டில் சிஸ்டர் சொல்லித்தந்தார். தினமும் விடிந்ததும் முகம் கழுவி, காப்பியோடு உட்கார்ந்து அதைச் செய்கிறேன். என் மூச்சு ஓடுகிறது, சரி; அவளுக்கு ஓடுகிறதா? எழுந்து உள்ளே போவேன். வருவேன். மறுபடி போவேன். காப்பி ஆறிவிடும். பார்த்துக்கொண்டே இருந்த வீட்டுக்காரர் கேட்டார்: “நீ தியானம் பண்றியா, ரோந்து சுத்தறியா?”

கட்டைவிரல்

தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு வேலை செய்வது எங்கள் பக்கத்தில் புதிதல்ல; என் பார்லரிலும் தூளி உண்டு. மற்றவர்கள் ஆட்டுவதற்குக் கட்டுவார்கள். நான் அவள் அசைகிறாளா என்று தெரிந்துகொள்ளக் கட்டினேன். அசையாவிட்டால் இழுப்பேன். விழித்துக்கொண்டு அழுவாள். எனக்கு நிம்மதியாக இருக்கும்.

ஃபேஷியலுக்கு வரும் பக்கத்துத் தெரு டீச்சர், முகப்பூச்சு காயும்வரை பேசக் கூடாது என்று தெரிந்தவர். அன்று பூச்சு வெடிக்க வெடிக்கச் சொன்னார்: “நீ பயப்படாம இருக்கறதுக்கு அது தூங்காம இருக்கணுமாடி?”

ஒரு புருவம்

தன் தங்கை மகள் நிச்சயத்துக்காக வெள்ளிமலையிலிருந்து ஒரு அக்கா வந்தார். முதல் தடவை புருவம் எடுக்கிறார். இடது புருவம் முடிந்தபோது என் கட்டைவிரலில் இருந்த தூளிக் கயிறு வெட்டி வெட்டி இழுத்தது. நிற்கவில்லை.

வாயில் நூல். கத்தியிருந்தால் விழுந்திருக்கும், விழவில்லை. பல்லைக் கடித்தபடியே குழந்தையைத் தூளியிலிருந்து இறக்கி, ஒருக்களித்துக் கிடத்தி, சட்டையைத் தளர்த்தினேன். உடம்பு கொதித்தது, உதடு நீலமாக இருந்தது. மூச்சை மெதுவாக விட்டேன். அதைத் தவிர செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. வெட்டு நின்றபோது அக்கா ஆட்டோவோடு வாசலில் நின்றிருந்தார்.

காய்ச்சல்தான், பயமில்லை, சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள் என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். வாயிலிருக்கும் நூலை எடுக்கவும் சொன்னார். குழந்தை கட்டிலில் தூங்கியது, நான் எழுப்பவில்லை. ஒற்றைப் புருவத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “ஏம்மா, கொயந்த தூங்கிக்கினுதான கீது. இன்னொன்னையும் இங்கயே எடுத்துடறியா? மலை பஸ்ஸு போய்டும்.”

எடுத்தேன், கோணல் இல்லை. மன அமைதி எனக்கு இன்னும் வரவில்லை, வாயில் நூல் இருக்கும்வரை அந்தக் குறை வெளியே தெரிவதில்லை.