மாரிகுப்பத்துக் காந்தம்

சில அணுக்களே தடிமனான குறைக்கடத்தியில் மின்சாரத்தை ஓடவிட்டு, காந்தப்புலம் அதை எப்படி வளைக்கிறது என்று அளப்பது என் வேலை. கண்ணுக்குத் தெரியாததோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

டேப் பிய்த்தல்

படிகத்தை டேப்பில் ஒட்டி, பிய்த்து, மறுபடி ஒட்டிப் பிய்த்தால்தான் மெல்லிய செதில் கிடைக்கும். பெங்களூரு ஆய்வகத்தில் அந்த மேசை காலியாகவே இருக்காது. அதனால் ஒரு லீவு நாளில் மாரிகுப்பம் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பிய்த்து, செதில்களைச் சிலிக்கான் சில்லில் பதித்தேன். மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு மண்மேட்டிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். அக்கா பெருக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"இன்னாடி, காலைலேர்ந்து ஒட்டுற, பிய்க்கிற? இதுக்கா ட்ரெயின் ஏறிப் போயி படிச்ச?"

அணைத்த பிறகும்

அந்தச் சில்லை ஆய்வகத்தில் குளிரவைத்து அளந்தேன். காந்தப்புலத்தை ஏற்றிப் பூஜ்யத்துக்கு இறக்கினால் அளவும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வரவில்லை. எதிர்ப்பக்கம் ஏற்றி இறக்கினேன். அந்தப் பக்கமே நின்றது. கடைசியாக எந்தப் பக்கம் இழுத்தேன் என்பதை அது நினைவில் வைத்திருந்தது. அப்படி நினைவு வைப்பது காந்தம்தான்; என் பொருளோ காந்தமே இல்லை.

உதவித்தொகை முடியப்போகிற நேரம். ஆய்வேட்டில் போட என்னிடம் உருப்படியாக எதுவும் இல்லை. வழிகாட்டி திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"இது போதும்மா. இத வெச்சே தீசிஸ முடிச்சிடலாம்."

ஒன்றுமில்லாத சில்லு

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று வீட்டில் செதில் பதிக்காமல் மிச்சமான வெறும் சில்லைக் காந்தத்தை அளக்கும் கருவியில் வைத்தேன். அதற்கும் நினைவு இருந்தது.

நுண்ணோக்கியில் பார்த்தால் கறுப்புத் துகள்கள். ஒரு காந்தத்தை அருகே கொண்டுபோனேன். படுத்திருந்தவை ஒவ்வொன்றாக எழுந்து, என் கைப்பக்கம் சாய்ந்தன. கூடப் படிக்கும் ஷில்பா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"அய்யோ, அத எடு! நம்மளயே பாக்குற மாதிரி இருக்கு."

நேர்க்கோடு

எங்கள் ஊர் மண்மேட்டுத் தூசியில் இரும்பு கலந்திருக்கிறது. டேப்பிலும் சில்லிலும் ஒட்டியிருந்தது அதுதான். ஆய்வகத்திலேயே புதிதாகப் பிய்த்த செதிலை அளந்தபோது, திரையில் கோடு சாதுவாகப் பூஜ்யத்துக்கு வந்தது. வழிகாட்டியிடம் சொன்னேன்.

"எழுதினத அழிச்சிடும்மா. உதவித்தொகைய நீட்டிக்கச் சொல்லிக் கேக்குறேன். குடுப்பாங்களான்னு தெரியல."

ஜன்னல் கட்டை

வீட்டு ஜன்னல் கட்டையில் படிந்திருந்த தூசிக்கு மேல் காந்தத்தைப் பிடித்து அக்காவுக்குக் காட்டினேன். அங்கேயும் எழுந்து நின்றன. அக்கா துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"என் நெஞ்சுக்கிட்ட வெச்சிப் பாருடி. உள்ளயும் எழுந்து நிக்குதா?"

என் பொருளில் காந்தம் இல்லை என்று சந்தேகமில்லாமல் நிரூபித்துவிட்டேன். இல்லாததற்குப் பட்டம் தருகிற பல்கலைக்கழகத்தைத்தான் இனித் தேட வேண்டும்.