செத்தவர் பெயரில் பட்டா

அப்பா இறந்தது 2004 ஆவணியில். வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது சுனாமி வந்தது. கடலூர் தாலுகா அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கரையோரக் கிராமங்களுக்கு ஓடினார்கள். அங்கே சில வீடுகளில் நாலைந்து பேருக்குச் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. என் ஒரு மனு யாருக்கு அவசரம்? மாசியில் போய் வாங்கினேன். வாரிசுகள் என்ற தலைப்பின் கீழே பத்து வரி. முதல் வரியில் என் பெயர். மிச்சம் ஒன்பது வரிக்கும் சேர்த்து எழுத்தர் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தார். பின்னால் யாரும் பெயர் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்வதுதான், எனக்கும் தெரியும். ஆனாலும் பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கூடப் பிறந்தவர்கள் இல்லை. கல்யாணம் ஆகாததற்குக் காரணங்கள் உண்டு, அவை இங்கே வேண்டாம். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பாவும் போன பிறகு வந்த முதல் பொங்கலுக்குக் கரும்பு வாங்கப் போய், ஒரு கழி வாங்கினால் அதைத் தின்று முடிக்க யார் இருக்கிறார்கள் என்று யோசித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்துவேன். வீட்டுக்கு வந்தால் வெள்ளிக்கிழமை மாலை மூடிய வாய் திங்கட்கிழமை காலைதான் திறக்கும். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் யாரும் தனியாக இருந்து பார்த்தவர்கள் இல்லை.

வீட்டுப் பத்திரத்தைத் தேடியபோதுதான் அதனோடு கட்டிவைத்திருந்த ஒரு பழைய கிரயப் பத்திரம் கிடைத்தது. கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், அதில் ஒரு விவசாயி, அவர் மகன், பேரன் என்று வரிசையாகப் பெயர்கள் இருந்தன. பேரன் என் தாத்தா. அப்படியானால் அந்த விவசாயி என் தாத்தாவின் தாத்தா. இரண்டு பேருக்கும் ஒரே பெயர். அதில் ஆச்சரியம் இல்லை, மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பதுதானே எங்கள் வழக்கம். அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்பதிலும் ஆச்சரியம் இல்லை. மாமனார் பெயரை அம்மா எப்படிச் சொல்வாள்? அப்பாவிடம் ஊரைப் பற்றிக் கேட்டால், "அங்க யாரும் இல்ல" என்று பேச்சை முடித்துவிடுவார்.

அங்கே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வம்சப் பெருமை தேடிப் போனதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த மனிதருக்கு இன்னொரு மகன் இருந்திருந்தால், அந்த மகன் வழியில் ஒரே ஒரு ஆள் மிச்சமிருந்தால், அவரை உறவு சொல்லிக் கூப்பிடலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஊருக்கே போய்ப் பார்க்கலாம் என்றால் ஊர் இல்லை. நான் கல்லூரியில் படித்த காலத்திலேயே சுரங்கத்துக்காக எடுத்துவிட்டார்களாம். வயல் இருந்த இடத்தில் இப்போது பள்ளம். மிஞ்சியது காகிதம்தான். அது கடலூரில் ஆவண அறையில் இருந்தது. மனு எழுதி, கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, விடுப்பு நாட்களையும் கோடை விடுமுறையையும் அதற்கே கொடுத்தேன். வெள்ளைக்காரன் காலத்துச் செட்டில்மெண்ட் பதிவேட்டில் அவர் இருந்தார். வாய்க்காலுக்குத் தெற்கே நஞ்சை, கிணற்றோடு கொஞ்சம் புஞ்சை. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய பக்கத்தைப் பூச்சி தின்றிருந்தது. நாற்பது ஆண்டு தள்ளி எழுதிய பதிவேட்டிலும் அதே பெயர், அதே சர்வே எண். கடைசியாக, சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது தயாரித்த டைப் அடித்த பட்டியலிலும் அதே பெயர்.

உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன். பட்டியல் டைப் அடித்த வருஷத்தில் அந்த மனிதருக்கு நூற்று முப்பது வயதுக்கு மேல். அதே பெயர்கொண்ட என் தாத்தாவும் அதற்கு இருபது வருஷம் முன்பே கடலூரில் இறந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் செத்தவர் பெயரில் பட்டா ஓடுவது சர்வசாதாரணம். பெயர் மாற்ற மணியக்காரரைப் பார், தாசில்தாரைப் பார் என்று அலைய யாருக்குப் பொழுது இருக்கிறது? முப்பாட்டன் பெயரிலேயே மூன்று தலைமுறை உழுது தின்கிற குடும்பங்கள் எத்தனையோ உண்டு. இதுவும் அப்படித்தான், உழத்தான் ஆள் இல்லை என்று முடிவு கட்டினேன். நோட்டில், "நிலம் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. வேறு வாரிசு இல்லை" என்று எழுதி அடிக்கோடிட்டேன். அது 2006. பிள்ளைகளின் விடைத்தாளில் வழிமுறை எழுதாமல் விடை மட்டும் இருந்தால் மதிப்பெண் தர மாட்டேன். எனக்கு நானே முழு மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு நாலு வருஷம் அந்த நோட்டைத் திறக்கவில்லை.

2010 ஆனியில் ஆவண அறை எழுத்தர் சொல்லி அனுப்பினார். அவருடைய அக்கா என்னிடம் படித்தவள், அதனால் என்மேல் கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் பயம். அறை மாற்றும்போது எங்கள் கிராமத்துக் கட்டு ஒன்று கீழே விழுந்து பிரிந்ததாம். போனேன். நிலம் எடுப்பு நோட்டீசைப் பெற்றுக்கொண்டதற்கான தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்தப் பெயருக்கு நேரே இடது கைப் பெருவிரல் ரேகை, மை கொஞ்சம் ஜாஸ்தியாகவே அப்பி இருந்தது.

நான் வழக்கம்போல, அது செத்தவர் பெயர் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், செத்தவரு வந்து கைநாட்டு வெப்பாரா?"

அடுத்த தாள் ஒரு மனு. முத்துமுத்தான கையெழுத்து. பட்டாவில் இருப்பது இறந்துபோனவர் பெயர் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள், அது என் பாட்டனார் பெயர், எனக்கும் அதையே வைத்திருக்கிறார்கள், நான் உயிரோடு இருக்கிறேன், என் பெரியப்பா குடும்பம் கடலூரில் இருக்கிறது, வேண்டுமானால் அவர்களை விசாரிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. கீழே அதே ரேகை. அதற்கும் கீழே, "எழுதியவர்: மேற்படியார் மகள்", பிறகு சிதம்பரம் வடக்கு வீதியில் ஒரு கதவு எண்.

ஒரு பாட்டனுக்கு இரண்டு மகன்கள் இருந்தால் இரண்டு வீட்டிலும் மூத்த பேரனுக்கு அதே பெயர்தான். இது எங்கள் தெருவில் எந்தக் குழந்தையும் சொல்லும். அன்றைக்கு அதிகாரிகள் செய்த தப்பையே முப்பது வருஷம் கழித்து நானும் செய்திருக்கிறேன். அவர்களாவது வெளியாட்கள். மனுவை எழுதிய அந்தப் பெண் எனக்கு அத்தை முறை. எழுத்தருக்கு நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

மறுநாளே சிதம்பரம் போனேன். என்ன வாங்கிப் போவது என்று தெரியாமல் ஆப்பிள், சாத்துக்குடி, ஒரு முழம் கதம்பம் எல்லாம் வாங்கினேன். அந்தக் கதவு எண் ஒரு நீளமான வீட்டின் பின்கட்டு. வீட்டுக்காரம்மா பையையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். மனுவில் இருந்த பெயரைச் சொல்லி, அவர் மகளை என்றேன்.

"அவுங்க போய் மூணு வருசம் ஆச்சுங்களே. நீங்க யாரு?"

"அண்ணன் மக" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை அப்படிச் சொன்னேன்.

அவர் என்னை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அத்தை தையல் டீச்சராக வேலை பார்த்தாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு தனியாக இருந்திருக்கிறார். கடலூரில் அண்ணன் இருக்கிறார், அவருக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று அடிக்கடி சொல்வாராம். அப்படியென்றால் ஒருநாள்கூட ஏன் வரவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"உங்க அப்பா கல்யாணத்துக்கு இவுங்க வூட்டுக்குப் பத்திரிகை வெக்கலியாம். கூப்புடாத வூட்டுக்கு எப்புடிப் போறதும்பாங்க."

ஒரு மஞ்சள் தடவிய காகிதம். ஐம்பத்து மூன்று வருஷம். என் அப்பாவின் மேலும் அந்த ரோசத்தின் மேலும் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பழங்களை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தேன். அத்தை மாதாமாதம் தன் நட்சத்திரத்தன்று கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வார், அவர்கள் குடும்பத்துக்கான தீட்சிதர் பக்கத்தில்தான் இருக்கிறார், வேண்டுமானால் பாருங்கள் என்றார் வீட்டுக்காரம்மா.

தீட்சிதருக்கு என் வயதுதான் இருக்கும். அர்ச்சனைக்காரர்களின் பெயரும் நட்சத்திரமும் எழுதிய நீள நோட்டை எடுத்து அத்தையின் பக்கத்தைக் காட்டினார். முதலில் அத்தை பெயர், அடித்திருந்தது. அடுத்து கடலூர் அண்ணன் என்று என் அப்பாவின் பெயர், நட்சத்திரம். அதை அடிக்கவில்லை. அப்பா இறந்தது அத்தைக்குத் தெரியவே இல்லை. போய்ச் சேர்ந்தவருக்கு இரண்டரை வருஷம் ஆயுளும் ஆரோக்கியமும் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். மூன்றாவது வரியில் அண்ணன் மகள் என்று இருந்தது. அதற்குப் பின்னால் எதுவும் எழுதவில்லை.

"பேர் தெரியாதான்னு கேட்டேன். விசாரிச்சுண்டு வந்து சொல்றேன்னா. அதான் எடம் விட்டு வெச்சிருக்கேன்" என்றார்.

எனக்குக் கண்ணை மறைத்தது. அந்த மனிதர் முன்னால் அழுவதற்கு வெட்கமாகவும் இல்லை. அவர் பேனாவைத் திறந்து என் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

அத்தை கடைசியாக எப்போது வந்தார் என்று கேட்டேன். இறப்பதற்கு முந்தின மாதம், சித்திரையில், வடக்கு வீதியிலிருந்து தனியாகவே நடந்து வந்தார் என்றார். 2007 சித்திரையில் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்த நான் பத்து நாள் சிதம்பரத்தில் இருந்தேன். தினமும் சாயங்காலம் அதே வடக்கு வீதியில் காபி குடித்துவிட்டு, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் கோயிலைச் சுற்றி வந்தேன். அத்தை வந்தது எந்தத் தேதி என்று அவருக்கு நினைவு இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பேன்.