எல்லாவற்றுக்கும் ‘சரி’

பக்கவாதம் வந்த பிறகு என் கணவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். ‘சரி.’

அவர் கல் குவாரியில் லாரி ஓட்டியவர். ஒரு நாள் காலையில் லாரிப் படியில் கால் வைத்தவர் ஏற முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் உயிர் தப்பியது. ஆனால் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

வார்டில் சில நாள் எந்தச் சத்தமும் இல்லாமல் கிடந்தார். பிறகு ஒரு மத்தியானம் நர்ஸ் மிஸி வந்து, “அங்கிள், தலையணையை மாத்தவா?” என்று கேட்டபோது, தெளிவாக, கனத்த குரலில், “சரி” என்றார். நானும் மகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். பேச்சு திரும்பிவிட்டது என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது, ‘பசிக்கிறதா’ என்றாலும் ‘சரி’, ‘பசிக்கவில்லையா’ என்றாலும் ‘சரி’. அந்தச் சொல்லுக்கு அவரிடம் ஒரு அர்த்தமுமில்லை. வாயைத் திறந்தால் வெளியே வருவது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் மருந்துகளைப் பற்றிப் பொறுமையாகச் சொன்னார். எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எப்படி உட்கார வைப்பது என்று மிஸி கட்டிலருகே நின்று காட்டினார். நான் தலையாட்டினேன். மிஸியின் கை போன இடங்களெல்லாம் எனக்குப் புரிந்த மாதிரித்தான் இருந்தது. கீழே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, கட்டிலுக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்றார்கள். துணிப்பையையும் மருந்துப்பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

எங்கள் வீடு குனோங் ராபாட்டில் ஒரு பழைய தாமான் குடியிருப்பில் இருக்கிறது. ஹாலில் இருந்த சோபாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டோம். நான் கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியில் வேலை செய்கிறேன். நானும் வேலையை விட்டால் வீடு நடக்காது. மகள் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் இருக்கிறாள், வார இறுதியில்தான் வருவாள். ஆகவே ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றிடம் சொல்லிப் பகலுக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டோம்.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு டவுனுக்கு வந்து, சாப்பாட்டுக் கடையிலும் ஹோட்டலிலும் வேலை பார்த்து, கடைசியில் இந்த வேலைக்கு வந்திருக்கிறார். கம்பெனியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு காலையில் மோட்டர் சைக்கிளில் வந்து இறங்குவார். வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அக்கா வந்த பிறகு வீட்டின் வாடையே மாறிவிட்டது. படுக்கைத் துணி நாள்தோறும் மாறியது. என் கணவர் குளித்து, தலை வாரி, திருநீறு பூசி, சலவைச் சட்டையில் உட்கார்ந்திருப்பார். பார்க்க வந்தவர்களெல்லாம், “நல்ல ஆள் கெடச்சிருக்கு, விட்டுடாத லா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதுகில் புண் இல்லை, சாப்பாடு புரையேறவில்லை, மருந்து தவறவில்லை. இதற்கு மேல் நல்ல கவனிப்பு என்று எதைச் சொல்வது?

பிறகு என் கணவர் அழ ஆரம்பித்தார். வீல்சேரைக் கட்டிலருகே கொண்டுவந்தாலே கண் நிறைந்துவிடும். பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவார்கள், பயப்பட வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள். அதனால் அக்கா கண்ணைத் துடைத்துவிடுவார்.

“ஏன்ணே அழுவுறீங்க? வலிக்குதா?”

“சரி.”

“ஒக்காரலாமா?”

“சரி, சரி.”

அக்கா தூக்கி உட்கார வைப்பார். அவரும் உட்கார்ந்துகொள்வார். வலது கை விரல்கள் சற்று வீங்கியிருந்ததை நான் பார்த்தேன். அசைவில்லாத கைதானே, நீர் கோத்திருக்கும் என்று நினைத்துத் தைலம் தடவினேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கும் குழு ஒன்று உண்டு. அதில் பிசியோதெரபி பார்க்கும் மலாய்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும், ஒரு காலையில் வந்தாள். அன்றைக்கு எனக்கு விடுமுறை. அவள் மலாயில்தான் பேசினாள். எங்கள் மூவருக்கும் அது பழகிய மொழி.

“அங்கிள், சாக்கிட் தக்?” வலிக்கிறதா என்று கேட்டாள்.

“சரி.”

சரி என்றால் என்ன என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவரிடம் அவள் எதையும் கேட்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை மெதுவாக, விரலிலிருந்து மணிக்கட்டு, முழங்கை என்று தொட்டுக்கொண்டே போனாள். தோளுக்கு வந்ததும் அவர் புருவம் சுருங்கியது. அவள் கையை எடுத்துவிட்டாள். பிறகு என் விரலைப் பிடித்து அவர் தோள் எலும்புக்குக் கீழே வைத்தாள். அங்கே ஒரு பள்ளம் இருந்தது. விரல் நுனி உள்ளே போய் நின்றது. எலும்பு மூட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது என்றாள்.

“இவரை எப்படித் தூக்குறீங்க? காட்டுங்க” என்று அக்காவிடம் கேட்டாள்.

அக்கா தயங்காமல் வந்தார். குனிந்து, அவருடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்தார். ஒரே மூச்சில் தூக்குவதற்காக, செத்துப்போன வலது கையைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தார்.

“சரி சரி சரி சரி” என்றார் என் கணவர்.

“தோப்! தோப்!” நிறுத்துங்கள் என்று அந்தப் பெண் கையை நீட்டித் தடுத்தாள்.

அக்கா அப்படியே நின்றுவிட்டார். பக்கவாதம் வந்த கையில் தோளைத் தாங்கிப் பிடிக்கச் சதைக்குப் பலம் இருக்காது, வெறும் தோலும் நரம்பும்தான் பிடித்துக்கொண்டிருக்கும், அதைப் பிடித்து இழுக்கவே கூடாது என்று அவள் விளக்கினாள். முதுகுக்குப் பின்னால், தோள்பட்டை எலும்புக்குக் கீழேதான் கை கொடுக்க வேண்டும் என்று தொட்டுக் காட்டினாள். குரலை உயர்த்தவில்லை. அக்கா ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை என்று தெரிந்தது. ஆனால் அந்தத் தோள் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் கம்பெனிக்குப் போன் செய்து கத்தினேன். எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

“சோரி லா அக்கா. நாளைக்கே வேற ஆள் மாத்திக் குடுக்குறோம்.”

“வர்ற ஆளுக்கு இதெல்லாம் தெரியுமா? சொல்லிக் குடுத்திருக்கீங்களா?”

“எல்லாம் எக்ஸ்பீரியன்ஸ் உள்ள ஆளுங்கதான்.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கோபம் அடங்கி, பயம் வந்தது. அக்காவும் அனுபவமுள்ளவர்தானே.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கே மோட்டர் சத்தம் கேட்டது. அக்கா நீலச் சட்டை போடாமல் சாதாரண உடையில் வந்திருந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன், தங்கச்சி. நம்ம ஆளுக்கு நானே இப்படிப் பண்ணிட்டனே. எங்க அம்மாவ ரெண்டு கக்கத்துலயும் புடிச்சித்தான் தூக்குவேன். அதான் தெரியும். கம்பெனில சட்ட குடுத்தாங்க, அட்ரஸ் குடுத்தாங்க. வேற என்ன குடுத்தாங்க?”

மன்னித்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பள்ளம் இன்னும் என் விரல் நுனியில் இருந்தது. அக்கா உள்ளே வந்து, கட்டிலோரம் கால் தொங்க உட்கார்ந்திருந்த என் கணவர் அருகே நின்றார்.

“அண்ணே, நான் வேலையிலருந்து நின்னுக்கிறேன். போய்ட்டு வரவா?”

“சரி” என்றார் அவர்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எந்தச் சரி இது? போ என்கிறாரா, இரு என்கிறாரா? அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அப்போது என் கணவர் இடது கையை நீட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த கையை இழுத்துக்கொண்டுபோய், தன் முதுகுக்குப் பின்னால், தோள்பட்டை எலும்புக்குக் கீழே வைத்தார். முந்தின நாள் அந்தப் பிசியோப் பெண் எங்கே கை கொடுக்க வேண்டும் என்று காட்டினாளோ, அதே இடம். அவள் சொன்னதை எங்கள் இருவரோடு அவரும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வாயில் சொல் இல்லையென்றால் தலையிலும் ஒன்றும் இல்லை என்பதுபோல நாங்கள் அவருக்கு மேலே பேசிக்கொண்டிருந்தோம்.

“தூக்கவா அண்ணே?”

அவர் இடது காலைத் தரையில் ஊன்றினார்.

கம்பெனிக்குப் போன் செய்து வேறு ஆள் வேண்டாம் என்றேன்.

அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது முதலில் என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். “ஆன்ட்டி, வலது கையில உயிர் இல்லைன்னு நினைச்சுக்கோங்க. உதவி செய்யாதீங்க” என்றாள். அக்காவிடம் பழைய மாதிரியே என்னைத் தூக்கச் சொன்னாள். அக்காவுக்கு மனமில்லை. அவள் வற்புறுத்தியதால் பெலான்-பெலான், மெதுவாக மெதுவாக என்று சொல்லிக்கொண்டே தூக்கினார். என் தோள் நல்ல தோள்தான். ஆனாலும் சுருக்கென்று ஒரு வலி கழுத்துவரை ஏறியது. அந்த நொடியில் என் வாயிலிருந்து வந்தது, “சரி சரி, போதும்க்கா.” சீக்கிரம் முடித்துவிடு என்பதற்குத்தான் அந்தச் சரி. வீல்சேரில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் வாய் கோண, சத்தமில்லாமல் சிரித்தார். நோய் வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

பிறகு எல்லாவற்றையும் புதிதாகக் கற்றோம். வீல்சேரை அவருடைய இடது பக்கம் வைப்பது, இடுப்பில் கனத்த பெல்ட் கட்டி அதைப் பிடித்து எழுப்புவது, உட்காரும்போது வலது கைக்கடியில் தலையணை கொடுப்பது. சட்டை போடும்போது முதலில் அந்தக் கை, கழற்றும்போது கடைசியில் அந்தக் கை. இவையெல்லாம் பெரிய வித்தையல்ல, யாராவது கையைப் பிடித்துக் காட்டினால் போதும். கேள்வி கேட்பதையும் மாற்றிக்கொண்டோம். அவர் நம் கையைப் பிடித்து அழுத்தினால் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். முதல் சில வாரம் சின்னச் சின்னதற்கெல்லாம் அழுத்தினார். சாப்பாட்டு நடுவே, சவரத்து நடுவே. நாங்கள் உண்மையிலேயே நிறுத்துகிறோமா என்று பார்க்கிறார் என்பாள் மகள். அழுகை நின்றுவிட்டது.

இந்த வருடம் அவருடன் லாரி ஓட்டிய நண்பர் ஒருவரின் மகளுக்குத் தஞ்சோங் மாலிமில் கல்யாணம். பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு அதையே தட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரம் காரில் கூட்டிப்போக எனக்குப் பயம். அக்காதான், “போலாம் தங்கச்சி, நான் கூட வாரேன். எவ்ளோ நாளுக்கு இந்தச் சொவத்தையே பார்ப்பாரு?” என்றார். மகள் முன்தினமே வந்திருந்து காரை ஓட்டினாள்.

மண்டப வாசலில் கார் நின்றதுமே அவருடைய பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். இருவரும் ஆள் வாட்டசாட்டம். நானும் அக்காவும் பின்னால் போய் வீல்சேரை இறக்கிக்கொண்டிருந்தோம்.

“மச்சான்! வந்துட்டியாடா! வா வா, நாங்க தூக்குறோம்!”

கார்க் கதவைத் திறந்து ஒருவர் அக்குளில் கை கொடுக்கக் குனிவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். “அண்ணே, இருங்க!” என்று நான் கத்துவதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அதே கனத்த குரல்.

“வேணாம்!”

நண்பர்கள் இருவரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மகள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி திரும்பி அவரையே பார்த்தாள். பேச்சுப் பயிற்சியில் மாதக்கணக்காக அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தும் உதடு அசையுமே தவிர ஓசை வந்ததில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக, ருசி பார்ப்பதுபோல, “வேணாம்” என்றார்.

அக்கா நண்பர்களை விலக்கிக்கொண்டு போனார். “தள்ளுங்கண்ணே. அவருதான் வேணாங்கறாருல்ல. இங்க நின்னு பாருங்க, எப்படின்னு சொல்றேன்.” பெல்ட்டைப் பிடித்தார். என் கணவர் இடது காலை ஊன்றி எழுந்தார்.

இடது கையாலேயே கொஞ்சம் சாப்பிட்டார். மணமக்கள் காலில் விழ வந்தபோது ஆசீர்வாதத்துக்கு அதே கையைத் தூக்கினார். யார் யாரோ வந்து பேசினார்கள். சிலருக்குச் சரி, சிலருக்கு வேணாம். இடம் மாறி விழுந்ததும் உண்டு. தண்ணீர் வேணாம் என்றவர் கிளாஸை வாங்கிக் குடித்தார். ஆகவே இன்னும் நாங்கள் கையைத்தான் நம்புகிறோம்.

தோள் முழுதாகச் சரியாகவில்லை. மழைக்கு முன்னால் அவர் அந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவார், நான் தலையணையைச் சற்று உயர்த்தி வைப்பேன். வெளியே குவாரி லாரி போகும்போது வீட்டு ஜன்னல் அதிரும். ஓட்டுபவர் ஹார்ன் அடித்துவிட்டுப் போவார். இவர் அதற்கும் அந்த இரண்டில் ஏதோ ஒன்று சொல்வார்.