நம்பர் பிளேட்டில் ஒரு கையகலம்

போன வாரம் என் கார் ஃபெயில் ஆகிவிட்டது.

வாங்கிப் பதினைந்து வருடம் முடிந்ததால் ஆர்.சி. புதுப்பிக்கத் தென்காசியில் ஆய்வுக்குக் கொண்டுபோயிருந்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் ஓர் இளம்பெண். பிரேக்கை மிதித்துப் பார்த்தார். ஹாரன் அடித்தார். எல்லாம் பாஸ். பின்பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"சார், இது என்ன நடுவுல இவ்வளவு எடம்? நாலு நம்பரையும் ரெண்டு ரெண்டாப் பிரிச்சு ஓரத்துல ஒதுக்கி வச்சிருக்கீங்க?"

"சும்மா... ஒரு அடையாளத்துக்கு."

"எழுத்து எவ்வளவு உயரம், ரெண்டு எழுத்துக்கு நடுவுல எவ்வளவு எடம், எல்லாத்துக்கும் ரூல் இருக்கு சார். நாளைக்கு ஒருத்தர இடிச்சிட்டுப் போனா, பாத்தவன் நாலையும் சேத்து வாசிக்கணும்லா? மாத்திட்டு வாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கல்லூரியில் முப்பது வருடம் பொருளாதாரம் நடத்தியவன், தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அந்த இடைவெளி என் மனைவி செண்பகத்தின் யோசனை. அவளுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் நாலடிக்கு அப்பால் எல்லாமே புகை. அருவியில் கண்ணாடியோடு குளிக்க முடியுமா? கண்ணாடி, செல்போன் எல்லாவற்றையும் வண்டியில் வைத்துவிட்டுத்தான் போவாள். சீசன் நேரத்து ஐந்தருவியில் திரும்பிய பக்கமெல்லாம் வெள்ளைக் கார். எங்களுடையதும் வெள்ளை.

"நடுவுல ஒரு கையகலம் விடச் சொல்லுங்க. நம்பர் தெரியாட்டாலும் அந்த வெள்ளை தெரியும்லா" என்றாள். ஸ்டிக்கர் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒட்டிக் கொடுத்தார்.

எத்தனை சீசன்கள்! ஆரியங்காவுக் கணவாய்க் காற்று சாரலைக் கொண்டுவந்து தென்காசியில் தூவிய உடனே கிளம்பிவிடுவோம். பின் சீட்டில் எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய், துண்டு. திரும்பும்போது மடியில் சூடாக மிளகாய் பஜ்ஜி. ஈரத் தலையோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஏதோ தன் வீட்டு வாசலுக்கு வருகிற மாதிரி அவள் வண்டியை நோக்கி நேராக நடந்து வருவாள் பாருங்கள்... அந்த நடையை வண்டிக்குள் உட்கார்ந்தபடி பார்ப்பது என் தனிச் சந்தோஷம்.

ஒரு சீசனில் அதைக் கெடுத்தேன்.

அவள் குளிக்கப் போயிருந்தாள். போலீஸார் கார் பார்க்கிங்கில் வரிசையாக வந்து, நம்பர் பிளேட்டில் விளையாடியவர்களுக்கெல்லாம் ஃபைன் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தொகைகூடப் பெரிதில்லை. அந்தப் போலீஸாரில் ஒருவன் என் மாணவனாக இருந்துவிட்டால்? மெல்ல வண்டியை எடுத்தேன். தள்ளி ஒரு தோப்போரம், பின்பக்கம் சுவரில் ஒட்டுகிற மாதிரி நிறுத்தினேன். கையோடு ஒரு டீயும் குடித்தேன். அவள் குளித்து முடிக்க நேரமாகும் என்பது என் கணக்கு.

திரும்பிப் போனபோது அவள் ஈரச் சேலையில் நடுங்கிக்கொண்டு, ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து, பிளேட்டில் மூக்கு உரச வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு டிரைவர் சத்தம் போட்டான். "ஏ ஆச்சி! அங்கன என்னத்த நோண்டுதீங்க? வண்டியில கைய வைக்காதீங்க, ஆமா!"

காதில் விழுந்தது. அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

"போலீஸ் எல்லா வண்டியையும் எடுக்கச் சொல்லிட்டாங்க" என்றேன் அவளிடம்.

"பாவம், உங்களுக்கும் அலைச்சல்" என்றாள்.

அதற்குப் பிறகும் ஐந்தருவி போனோம். அவள் மட்டும் குளிக்க இறங்கவில்லை. மூட்டுவலி என்றாள். வண்டியிலேயே இருந்துகொண்டு என்னை அனுப்பிவைப்பாள். மூட்டுவலி என்று நானும் நம்பிக்கொண்டேன். நம்புவது வசதியாக இருந்தது.

இப்போது புதுப் பிளேட் மாட்டி வீட்டு வாசலில் நிறுத்தினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு வண்டிங்க நம்ம வாசல்ல நிக்குது?"

அப்புறம் எப்படிச் சும்மா இருப்பது? பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தோப்பு, சுவர், டீ... எதையும் விடவில்லை.

கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த டிரைவர் என்னைக் களவாணின்னு நெனச்சான்."

"தெரியும். கேட்டுக்கிட்டேதான் வந்தேன்."

கை நின்றது. "கேட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"புரொபஸராம்! ஃபைனுக்குப் பயந்து பொண்டாட்டியத் தொலைச்சிருக்காரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. "எனக்கு மூட்டுல ஒண்ணுமில்ல. திரும்பி வாற வழியில தொலைஞ்சிருவோமோன்னுதான் பயம்."

நானும் ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடித்தேன்.

"இனிமே நான் வண்டியத் தேட மாட்டேன். நீங்க வந்து என்னைத் தேடுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவி போனோம். வண்டியை எங்கேயோ விட்டேன், எங்கே என்று அவள் கேட்கவும் இல்லை. பெண்கள் பகுதிக்கு வெளியே, தோளில் துண்டும் கையில் அவள் கண்ணாடியுமாக நின்றேன். நல்ல சாரல். ஒரு பெண் போலீஸ் விசிலோடு வந்தார்.

"பெரியவரே, இது லேடீஸ் பக்கம். இங்கன என்ன செய்யுதீங்க?"

"வீட்டுக்காரி உள்ள குளிக்கா. வெளிய வந்தா அவளுக்குக் கண்ணு தெரியாது."

அவர் என்னையும் கையிலிருந்த கண்ணாடியையும் பார்த்தார். "அப்பம் சரி. ஆனா வெளியே வாறது வரைக்கும் இந்த எடத்த விட்டு அசையக் கூடாது, என்ன?"

சட்டத்துக்கு இவ்வளவு சந்தோஷமாக நான் கட்டுப்பட்டதே இல்லை.