சிறப்புரைக்கு அடித்த மணி

பொறாமையில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. அக்காவின் முடி, சித்தி பெண்ணின் நிறம், எதிர் ஃபிளாட்காரியின் மாடுலர் கிச்சன் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பொருமியவள் நான். அவையெல்லாம் இரண்டு நாளில் ஆறிவிடும். ஒருத்தியின் மூளையைப் பார்த்து வயிறு எரிந்தது மட்டும் இருபது வருஷமாக ஆறவில்லை.

அவளும் நானும் சென்னையில் எம்.ஏ. தத்துவம் படித்தோம். விடுதியில் ஒரே அறை. சனிக்கிழமையானால் செங்கல்பட்டு வரைக்கும் ஒரே ரயில். அங்கிருந்து அவள் செய்யூர் பஸ், நான் திருப்போரூர் பஸ். அவள் அப்பா சவுக்கு வெட்டப் போனவர், அம்மா நடவுக்குப் போனவள். எங்களுடையது நடவுக்கு ஆள் கூப்பிடும் வீடு. வகுப்பில் அவள் என்னைவிட நன்றாகப் பேசியபோதெல்லாம் எனக்குள் சுருக்கென்று குத்தியதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

இப்போது அவள் வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பாலினத் தத்துவம் பற்றி இரண்டு புத்தகம் எழுதியிருக்கிறாள். நான் படூர் பக்கம் ஒரு கல்லூரியில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். அங்கே தத்துவத் துறையே கிடையாது. பி.காம். பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் மதிப்புக் கல்வி எடுக்கிறேன். பொய் சொல்லாதே, பெரியவர்களுக்கு மரியாதை கொடு, குப்பையைத் தொட்டியில் போடு. நான் படித்த தத்துவத்துக்கு அங்கே அவ்வளவுதான் வேலை.

போன வருஷம் எங்கள் கல்லூரிக்குத் தரமதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்ட ஒரு தேசியக் கருத்தரங்கு வேண்டும் என்றார் முதல்வர். பெண் தத்துவவாதிகளைப் பற்றி நடத்தலாம் என்று நான்தான் சொன்னேன். எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன், பதிலுக்கு எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுங்கள், ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். பதினான்கு வருஷத்தில் நான் எனக்காக எதையும் கேட்டதில்லை.

கட்டுரையின் தலைப்பு ‘யோசிக்க நேரம்’. தத்துவ வரலாற்றில் பெண்கள் இத்தனை குறைவாக இருப்பதற்குக் காரணம் புத்தி அல்ல, யாரும் குறுக்கிடாத ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கிடைக்காததுதான் என்று எழுதியிருந்தேன். பெண்ணின் யோசனை பாதியில் நிறுத்தப்பட்டே பழகியது, அதனால் அதற்கு வேறொரு வடிவம் உண்டு என்பது என் வாதம். நான்கு மாதம், பஸ்ஸில் பாதி, அடுப்படியில் பாதி என்று எழுதியது. என்னாலும் யோசிக்க முடியும் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அதற்கு அந்தப் பதினைந்து நிமிஷத்தை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

முதல்வர் சரி என்றார். கையோடு, சிறப்புரைக்கு இணையத்தில் தேடி ஒருவரைப் பிடித்துவிட்டதாகச் சொன்னார். “உங்க பக்கம்தானாம் மேடம். செய்யூராம். தெரியுமா?”

“தெரியும் சார்” என்றேன். அழைப்புக் கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். ‘மதிப்பிற்குரிய’ என்ற சொல்லை இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடியும் அடித்தேன்.

கருத்தரங்கு மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில். ஆசிரியைகள் எல்லோரும் ஒரே மாதிரி மாம்பழ மஞ்சள் பட்டில் வர வேண்டும் என்று சுற்றறிக்கை. ஆண்களுக்கு எந்த நிறமும் சொல்லவில்லை. பெண் தத்துவவாதிகளைப் பற்றிய கருத்தரங்கில் நாங்கள் ஒன்பது பெண்கள் வாசலில் பன்னீர்ச் செம்பும் கற்கண்டுத் தட்டுமாக நின்றோம். ஆண்கள் உள்ளே ஏசியில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இதில் இருந்த வேடிக்கை எனக்குத் தெரியாமல் இல்லை. என் பதினைந்து நிமிஷத்துக்காக நான் அன்றைக்கு எதையும் தாங்கத் தயாராக இருந்தேன்.

அவள் காட்டன் புடவையில், நரைத்த முடியோடு காரிலிருந்து இறங்கினாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். செம்பிலிருந்த பன்னீர் அவள் தோளில் கொட்டியது.

“இன்னாடி இது, எல்லாரும் ஒரே புடவையில கீறீங்க? கல்யாணமா?” என்றாள். அத்தனை வருஷம் வடக்கே இருந்தும் பேச்சு அப்படியே இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் எப்போதோ ‘கீது’வை எல்லாம் விட்டுவிட்டு டீச்சர் தமிழுக்கு மாறியிருந்தேன்.

“நீயும் பேப்பர் படிக்கிற இல்ல? நிகழ்ச்சி நிரல்ல பார்த்தேன். அதைக் கேட்கத்தான் வந்தேன்” என்றாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தாளாளர் தாமதமாக வந்ததால் குத்துவிளக்கு தாமதம். பதினொன்றே கால் மணிக்குத்தான் அவள் மைக்கைப் பிடித்தாள். அவளுக்கு முக்கால் மணி நேரம், அடுத்தது நான், அதற்கடுத்தது சாப்பாடு. முதல்வர் என்னை மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்காரவைத்து, தலையில் தட்டினால் ‘டிங்’ என்று அடிக்கும் மேசை மணி ஒன்றைக் கையில் கொடுத்தார். “டைம் நீங்க பார்த்துக்கோங்க மேடம். நீங்கதான் ஸ்ட்ரிக்ட்.” ஒரு முறை அடித்தால் ஐந்து நிமிஷம் பாக்கி, இரண்டு முறை அடித்தால் முடித்துக்கொள்ள வேண்டும். கட்டுரை வாசிப்பவர்களுக்குத்தான் அந்த மணி. சிறப்புரைக்கு யாரும் அடிக்கமாட்டார்கள். எந்த ஊர்க் கருத்தரங்கிலும் அப்படித்தான்.

அவள் பேசினாள். எப்படிப் பேசினாள் என்று எழுதவே கை வரமாட்டேன் என்கிறது. பழைய சபைகளில் பெண்கள் வாதம் செய்த கதைகளை எடுத்தாள். ஆண் கேட்டதைக் கேள்வி என்று எழுதிவைத்தவர்கள், பெண் கேட்டதை ஏன் சந்தேகம் என்று எழுதினார்கள் என்று கேட்டாள். கேள்வி என்றால் எதிராளி பதில் சொல்லியாக வேண்டும். சந்தேகம் என்றால் தீர்த்துவைத்தால் போதும், கேட்டவள் நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவாள். “நாமளும் கிளாஸ்ல எழுந்து ‘சார், ஒரு சந்தேகம்’னுதானே சொன்னோம்?” என்றாள்.

நான் அந்த வாக்கியத்தை என் வாழ்நாளில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட எனக்கு அது உறைத்ததில்லை. விடுதி அறையில் நான் எப்போதாவது சொன்னதைத்தான் எடுத்து வைத்திருக்கிறாளோ என்று மனதைக் குடைந்து பார்த்தேன். திருடியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றும் கிடைக்கவில்லை, எல்லாம் அவளுடையதே. பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் துறை மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மணி பன்னிரண்டு. அவள் கையில் இன்னும் ஐந்தாறு தாள் இருந்தது. இவளுக்கு இல்லாத மேடையா, நாளைக்கு வேறு ஊரில் இதையே பேசுவாள், என் நேரத்தைத்தான் தின்ன வேண்டுமா என்று நினைத்தேன். அதுகூட முழு உண்மை இல்லை. அவள் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. மணியைத் தட்டினேன்.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. அவளும் பார்த்தாள். சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். ஐந்து நிமிஷம் கழித்து, ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது, இரண்டு முறை அடித்தேன். அவள் அந்த வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. தாள்களை மடித்து, “நன்றி” என்று சொல்லி இறங்கினாள்.

நான் என் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் தொகுத்து வழங்கிய ஆங்கிலத் துறைப் பெண் மைக்கில், “நேரம் இருப்பதால், நம் தாளாளர் ஐயா அவர்கள் சில வார்த்தைகள்...” என்றாள். முதல்வர் என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினார். உட்கார்ந்தேன்.

தாளாளர் தன் அம்மாவிலிருந்து தொடங்கினார். அந்தக் காலத்தில் அம்மி அரைத்த பெண்களுக்கு எந்த நோயும் இல்லை என்றார். பெண் பூமி மாதிரி, பொறுமைதான் அவள் அழகு என்றார். “பெண்ணே ஒரு தத்துவம்தான். அவளுக்கு எதுக்குத் தனியா தத்துவம்?” என்றார். கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பன்னிரண்டரை ஆயிற்று, பிறகு பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்கு ஹோட்டல்காரர் வந்து சாப்பாடு ஆறுகிறது என்று முதல்வர் காதில் சொன்ன பிறகுதான் முடித்தார்.

“உங்க பேப்பர் புத்தகத்துல வந்துடும் மேடம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்றார் முதல்வர். மத்தியானம் விருந்தினர்களுக்குச் சிற்பங்களைச் சுற்றிக் காட்டும் ஏற்பாடு. தலையை ஆட்டினேன். ஆட்டித்தானே பழக்கம்.

சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் தட்டோடு நின்றேன். அவள் தேடிக்கொண்டு வந்தாள். ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் மோர் சாதத்தைப் பிசைந்தாள்.

“மணி அடிச்சியே” என்றாள்.

“டைம் ஆயிடுச்சு. ரூல்” என்றேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“சரிதான். நானும் நீட்டிகினுதான் போனேன். அத்த வுடு.” ஒரு வாய் சாப்பிட்டாள். “அந்தாளுக்கு ஏன் அடிக்கல?”

குத்திக் காட்டுகிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. விடுதியில் புரியாத பாடத்தை வைத்துக்கொண்டு என் கட்டிலில் வந்து உட்காருவாளே, அதே முகம். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு.

“அவர் தாளாளர்டி” என்றேன்.

“அதான். நான் இன்னா, உன் கூடப் பொறந்தவளா? என்னை மட்டும் நிறுத்தலாம்னு உனக்கு எப்படித் தோணுச்சு? கோச்சிகினு கேக்கல. யோசிச்சுச் சொல்லு.”

ஊறுகாய் எடுத்து வருகிறேன் என்று நகர்ந்து, பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

திருப்போரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஃபைலைத் திறந்தேன். பன்னிரண்டு பக்கம். பெண்ணின் யோசனையில் குறுக்கிடுபவர்கள் என்று ஏழாம் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். கணவன், பிள்ளை, மாமியார், குக்கர் விசில், காலிங் பெல், கோயில் நன்கொடை கேட்டு வருபவர்கள். யாரையும் விடவில்லை என்று நினைத்திருந்தேன். நான் அதில் இல்லை. நான்கு மாதம் உட்கார்ந்து எழுதியும் எனக்கு அகப்படாததை அவள் மோர் சாதம் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டாள். பாதி வழி வரைக்கும் அவமானமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு, அந்தக் கேள்வியும் அவளுடையதாகிவிட்டதே என்று மறுபடியும் வயிறு எரிய ஆரம்பித்தது.